இரண்டு கடற்கரைக்கு மார்க்கு

என் அண்ணனுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் மார்க்கு வாத்தியார். சட்டை வாங்கப் போனாலும் கடைக்குக் கடை மார்க்கு போடுவான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணனும் அண்ணியும் லேப்டாப்பில் பிழைப்பவர்கள். அவன் வெளிநாட்டுக் கம்பெனிகளின் இணையதளங்களைப் பழுதுபார்ப்பான். அண்ணி பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைவார். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. இஸ்திரி மேசையில் அண்ணன், கட்டிலில் முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து அண்ணி. கீழே சுத்தியல் விழுந்தால் மேலே அண்ணியின் கோடு கோணும்.

அண்ணியின் கம்பெனி ஒரு வருஷத்துக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்றது. அன்றைக்கே அண்ணி ஒரு வைக்கோல் தொப்பி வாங்கி வந்தார். வாடகைக்குக் கட்டுப்படியாகிற கடலோர ஊர் இரண்டு அகப்பட்டன. ஒன்றில் கலங்கரை விளக்கம், இன்னொன்றில் படகுத்துறை.

"விளக்கு ஊருக்கே போயிடலாங்க. அந்த வீட்டு ஜன்னலத் தொறந்தா கடல்தான்," என்றார் அண்ணி.

"அவசரப்படாத. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடுவோம்."

பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். விளக்கு ஊரில் இணையம் வேகம், மழை வந்தால் கரண்ட் போய்விடும். படகு ஊரில் கரண்ட் நிற்கும், மீன் வாடையும் நிற்கும். இங்கே வாடகை மட்டு, அங்கே ஆஸ்பத்திரி பக்கம். வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு நாற்காலி உயரத்தைக்கூட அளக்கச் சொன்னான். நான் மட்டும் யோக்கியமா? "நல்லா அலசிப் பாத்துட்டே போங்க, ஊர் எங்க ஓடிடப் போகுது?" என்று ஒத்து ஊதினேன். ஊர் ஓடவில்லை, வருஷம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிறு மதியம் அண்ணன் கூப்பிட்டான். "வாடா, முடிவு பண்ணியாச்சு. படகு ஊர் அரை மார்க்குல ஜெயிச்சிடுச்சு!"

இருபத்தேழு வரி அட்டவணை. கடைசி வரியில் 'மனைவியின் விருப்பம்'. இரண்டு ஊருக்கும் பத்துக்குப் பத்து.

"என்னண்ணா இது? அண்ணி விளக்கு ஊர்னுதானே சொன்னாங்க?"

"அது ஆரம்பத்துல. அப்புறம் எத்தனை தடவ கேட்டாலும், எந்த ஊரக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'னுட்டா. அதான் ரெண்டுக்கும் முழு மார்க்கு."

"அடக் கடவுளே! அது சம்மதமாண்ணா? வெறுத்துப்போய்ச் சொன்னது!"

அண்ணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கம்பெனிலேருந்து வெள்ளிக்கிழமையே லெட்டர் வந்துடுச்சு. நாளையிலேருந்து ஆபீசுக்கு வரணுமாம்."

இப்போது அண்ணி காலை ஏழரைக்கே கிளம்பிவிடுகிறார். தொப்பி விலைச்சீட்டோடு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வீட்டில் அண்ணனுக்கு இடம் தாராளம். கட்டிலில் மட்டும் அவன் உட்காருவதில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அண்ணி வேலை முடிந்து வந்தார். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போயிட்டு வரலாமா? ஒரு நாள்தான். எந்த ஊர்னு நீயே சொல்லு, நான் எதையும் பாக்கமாட்டேன்."

அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"உங்க இஷ்டம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.