பத்துக் கேள்வியும் ஒரு காதும்

கல்லூரி அலுவலகத்தில் அவளுக்குச் 'சரிபார்ப்பு அக்கா' என்று பெயர். எதை எழுதினாலும் இரண்டு முறை பார்க்காமல் கையை விட்டு அனுப்பமாட்டாள். பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நடக்கும் ஆங்கிலத் திறன் தேர்வைத் திருத்தி, மதிப்பெண் பட்டியல் போட்டு ஒட்டுவது அவள் பொறுப்பு.

மொத்தம் அறுபது கேள்விகள். அதில் கேட்டல் பகுதிக்குப் பத்து. ஒலிபெருக்கியில் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டு விடை எழுத வேண்டும். அந்தப் பத்தில் ஆறுக்குக் கீழே போய்விட்டால், மற்ற பகுதிகளில் வெளுத்துக் கட்டியிருந்தாலும் சரி, ஒரு பருவம் முழுக்கத் தனி வகுப்பு. கூடப் படிப்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் இவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அந்தப் பெயர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவதும் அவள்தான்.

அந்த வருடம் தேர்வன்று நல்ல மழை. கூரை ஒழுகி ஓர் அறையின் விடைத்தாள்கள் கட்டோடு நனைந்துபோயின. எண்பத்து நான்கு பேருடையவை. துறைத்தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மறுவாரமே வேறு கேள்வித்தாள் தயாரித்து அவர்களுக்கு மறுபடியும் தேர்வு வைத்தார். நனைந்ததைக் குப்பையில் போடச் சொன்னார். அவளுக்கு மனசு வரவில்லை. மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்தாள். காய்ந்த பிறகு பார்த்தால், பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

சும்மா கிடக்கிறதே என்று அதையும் திருத்தினாள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மொத்த மதிப்பெண் பெரும்பாலும் இரண்டு மூன்றுக்குமேல் நகரவில்லை. கேட்டலில் மட்டும் கூத்து. முதல் தடவை ஆறுக்குக் கீழே முப்பத்தொரு பேர். இரண்டாம் தடவை இருபத்தொன்பது பேர். இரண்டிலும் இருந்தவர்கள் பதினான்கே பேர். மற்றவர்கள் ஆள் மாறியிருந்தார்கள். வழக்கம்போலத் தான்தான் தப்பு செய்திருப்போம் என்று மூன்றாம் முறையும் கூட்டிப் பார்த்தாள். தப்பில்லை.

துறைத்தலைவர் நல்ல மனிதர்தான். நேரம் மட்டும் இருக்காது. அவள் இரண்டு பட்டியலோடும் போய் நின்றபோது, கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ரெண்டாவது தேர்வுதானேம்மா கணக்கு? பழசை எதுக்குக் கிளர்றீங்க?"

"இந்தப் பொண்ணப் பாருங்க சார். போன வாரம் நாலு, இந்த வாரம் எட்டு. ஒரு வாரத்துல காதை மாத்திக்கிட்டாளா?"

பேனா நின்றது. பட்டியலை வாங்கி ஏற இறங்கப் பார்த்தார். புள்ளியியல் ஆசிரியையை அழைத்தார். அவர் வந்து, நின்றபடியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்துக் கேள்வி போதாது சார். ரெண்டு கேள்வி குருட்டாம்போக்குல சரியாப் போனா மேல, தப்பாப் போனா கீழ. அறுபதையும் சேர்த்துப் பார்த்தா ஏத்த இறக்கம் அடங்கிடும். மொத்தத்தை நம்பலாம், இந்தத் துண்டை நம்பி ஒருத்தரத் தனியா உட்கார வைக்கக் கூடாது."

அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் பதவி உயர்வுத் தேர்வில் மொத்தத்தில் தேறியும், சொல்வதை எழுதும் பகுதியில் ஒரு மதிப்பெண் குறைந்து திரும்பியவள் அவள். நமக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டி, அதன் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கூட்டம் போட்டுப் பேசினார்கள். பகுதி மதிப்பெண்ணை எடுத்துவிடப் பெரியவர்களுக்கு மனமில்லை. பெற்றோர் விரும்பிக் கேட்கிறார்களாம். கடைசியில் பாதிக் கிணறு தாண்டினார்கள். ஆறு என்ற எல்லையை மட்டும் நம்பாமல், கேட்டலில் எட்டுக்குக் கீழே வாங்கிய எல்லோரிடமும் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் நேரில் பேசிப் பார்த்து, தேவைப்பட்டால்தான் தனி வகுப்புக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். "உங்க புண்ணியத்துல எங்களுக்கு ஒரு வாரம் தொண்டை கட்டிப்போச்சு அக்கா" என்றார் ஒருவர். ஆனால் அந்தப் பருவம் தனி வகுப்பில் உட்கார்ந்தவர்கள் ஒன்பதே பேர்.

அவளுக்கு அதில் முழு நிம்மதி இல்லை. பத்தொன்பது வருடத்துச் சிவப்புக் கோடுகள் கண்ணுக்குள் ஓடின.

ஒரு நாள் கழுத்துவலிக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவன் அந்தக் கல்லூரியில் படித்தவன். அவள் கோடு போட்டவர்களில் ஒருவன். மருந்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவன் எடுக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினான்.

"இங்கிலீஷ்ல பேசுவாங்கக்கா. எனக்குக் காதுல விழும், மண்டையில ஏறாது. அப்பவே காலேஜ்ல சொல்லிட்டாங்களே."

அவள் மென்று விழுங்கி, நடந்ததைச் சொன்னாள். அவன் அட்டையிலிருந்து மாத்திரைகளைக் கத்தரிப்பதை நிறுத்தினான்.

"அப்ப இன்னொரு தடவ எழுதியிருந்தா நான் தேறியிருப்பேனா?"

"தெரியாதுப்பா. எனக்கும் தெரியாது, அந்தத் தேர்வுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி கோடு போட்டது என் தப்பு."

அவன் மீதி மாத்திரைகளையும் கத்தரித்தான். மாத்திரையை உறையில் போட்டு நீட்டினான். அதற்குள் போன் மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்தவர் கை நீட்டினார்.

"இருண்ணே" என்று அவனே எடுத்தான். முதல் இரண்டு வாக்கியத்துக்கு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பிறகு, இன்னொரு முறை மெதுவாகச் சொல்லும்படி ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, கையில் கிடைத்த உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளத் தொடங்கினான்.