நலம் விசாரிக்கப் போனேன்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். யார் எழுதிவைத்தது என்று தெரியாது. மீறியவர்களை நான் பார்த்ததில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அம்மா மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த சாத்துக்குடியைக் கொட்டினால் லஸ் முனையில் ஒரு பழக்கடையே போட்டிருக்கலாம். அம்மாவால் தின்று மாளாததை எல்லாம் சித்தி பை பையாக அடையாற்று வீட்டுக்குத் தூக்கி வருவாள். அப்பாவும் நானும் சலித்துப்போய்த் தின்போம்.

அம்மா நான் படித்த பள்ளியிலேயே டீச்சர். ஒரு சனிக்கிழமை மாலை எனக்குச் சார்ட் பேப்பர் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனவள்மேல் தண்ணீர் லாரி மோதிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் சார்ட் பேப்பர் வேண்டுமென்று அழுதது நான்தான் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவளுக்கு என்மேல் கோபம் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்கத்தான் பயம்.

அம்மா ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தாள் என்று எங்கள் பங்குக் கோயில் ஆட்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்: சிரித்துக்கொண்டே இருந்தாள். அழுத முகத்தோடு படியேறி வந்தவர்கள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு இறங்கினார்கள்.

"வாங்க டீச்சர், வாங்க. பாண்டி பஜார்ல ஒத்தைச் செருப்பு விக்கிற கடை எதுனா இருந்தா விசாரிச்சு சொல்லுங்க. ஜோடியா வாங்கி ஒண்ண சும்மா போட்டு வெக்க மனசு வரல."

கோயிலின் ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் ஜெபமாலையும் கையுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றபோது, இனிமேல் தன்னை யாரும் கோயிலில் முழங்காலில் நிற்கச் சொல்ல முடியாது, ஜாலியாக உட்கார்ந்தே ஜெபிக்கலாம் என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர்கள் குலுங்கினார்கள். ஊரூர்க் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காகூட வந்திருந்தாள். வரும்போதே மார்பில் அடித்துக்கொண்டு வந்தவள் போகும்போது, "இன்னா டீச்சரம்மா நீ, நான் ஆறுதல் சொல்ல வந்தா நீ எனக்கு சொல்லிகினு கீற" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். தைரியசாலி, தைரியசாலி என்று வராந்தா முழுக்கப் பேச்சாக இருந்தது.

எனக்கு மட்டும் அந்தத் தைரியசாலி ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத்தான். ஆனால் பள்ளி அதற்கு முன்பே விட்டுவிடும், பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. சித்தி வந்து என்னைக் கூட்டிப்போவாள். வாசலில் வாட்ச்மேன் தினமும் ஒரே பாட்டு பாடுவார்: "சின்னப் பசங்களல்லாம் உள்ள வுடக் கூடாதும்மா, ரூல்ஸ் அப்டி கீது." சித்தி ஒரு சாத்துக்குடியை எடுத்து நீட்டுவாள். ரூல்ஸ் கொஞ்சம் நகர்ந்து வழிவிடும்.

உள்ளே போனதும் அம்மா சித்தியைக் காபி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவாள். பிறகு நாலு மணிவரை அறையில் நானும் அவளும் மட்டும். தலை கலைந்து கிடக்கும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள், என் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொள்வாள். பிடி என்றால் உடும்புப் பிடி. எனக்கு வலிக்கும். இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்கமாட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள். நானாக எதையாவது ஆரம்பித்தால் அதுவும் பாதியில் நின்றுபோகும். சில நாள் சுவரைப் பார்த்தபடியே, "அந்தக் காலு எரியுதுடி" என்பாள்.

"எந்தக் காலும்மா?"

"போன காலு. கட்டைவிரல்லேர்ந்து எரியுது."

நான் போர்வையைப் பார்ப்பேன். வலது பக்கம் போர்வை தட்டையாகக் கிடக்கும். இல்லாத விரல் எப்படி எரியும் என்று கேட்டால் திட்டுவாளோ என்று பேசாமல் இருப்பேன். ஒருநாள் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன், சிரிக்கவில்லை. "சித்திகிட்ட சொல்லாத" என்றாள். நான் சொல்லவில்லை.

நாலு மணி நெருங்கும்போது சித்தி திரும்பி வருவாள். அம்மாவுக்குத் தலை சீவிப் பின்னி, முகம் துடைத்துப் பவுடர் போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைப்பாள். மணி அடிக்கும். கதவு திறக்கும். "வாங்க, வாங்க" என்று அம்மா மலர்ந்துவிடுவாள். நான் மூலையில் நின்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டு பார்ப்பேன். மீன்கார அக்காவுக்குக்கூட ஒரு சிரிப்பு இருக்கிறது, பெற்ற பெண்ணுக்கு இல்லையே என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று இப்போது சொன்னால் அசடு என்பார்கள். அவள் என்னிடமும் ஒரு ஜோக் சொல்லிவிட்டால் போதும், சார்ட் பேப்பர் விஷயத்தை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒருநாள் எனக்கு விஷயம் பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்தேன். சிரிப்பு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் கையில் எதையாவது கொண்டுவருகிறார்கள். நான்தான் தினம் வெறுங்கையோடு, அதுவும் பார்வையாளர் நேரத்துக்கு முன்பே போய் நிற்கிறேன். முறை தெரியாத பிள்ளைக்கு எந்தச் சிரிப்பு கிடைக்கும்?

மறுநாள் வீட்டுக் கூடையிலிருந்து நல்லதாக நாலு சாத்துக்குடி பொறுக்கிப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவிடமிருந்து வந்த பழம் அம்மாவிடமே போவதில் தப்பொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளி விட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், நான் இன்று மேலே வரமாட்டேன், நாலு மணிக்கு எல்லாரோடும் சேர்ந்துதான் வருவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சித்தி கெஞ்சினாள், அதட்டினாள், பிறகு வாட்ச்மேனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு தடவை கீழே இறங்கி வந்து, "உங்கம்மா கதவையே பாத்துக்கிட்டு இருக்கா பாப்பா, வாயேன்" என்றாள். நான் அசையவில்லை. பாத்துக்கிட்டு இருக்கட்டும், அப்போதுதான் மதிப்பு என்று நினைத்தேன்.

மணி அடித்தது. பள்ளி டீச்சர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஏறினேன். அறைக்குள் போய் சாத்துக்குடியை மேஜையில் வைத்தேன். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, பெரியவர்கள் மாதிரியே தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டேன்:

"இப்ப எப்படி இருக்கீங்க டீச்சர்?"

டீச்சர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. பவுடர் போட்ட முகம் அப்படியே நின்றது. பழங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பிறகு அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"வாங்க மேடம், வாங்க. நல்லாருக்கேன். பாண்டி பஜார் பக்கம் போனா எனக்கு ஒத்தைச் செருப்பு ஒண்ணு பாத்துட்டு வாங்க."

அறையே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான். அந்த ஜோக்கை அதற்குள் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன், ஆனால் அன்றுதான் அது எனக்கென்றே சொல்லப்பட்டது.

மறுநாள் பள்ளி விட்டு ஓடினேன். அம்மா தலை சீவி, பவுடர் போட்டு, தலையணையில் சாய்ந்து எனக்காகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். "வாங்க மேடம்" என்றாள். சித்தியைக் காபிக்கு அனுப்பவில்லை. கால் எரிகிறது என்ற பேச்சே அதற்குப் பிறகு இல்லை. எரிவது நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அம்மா இப்போதும் அடையாற்றில்தான் இருக்கிறாள். செயற்கைக் காலோடு பல வருஷம் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றாகிவிட்டது. நான் எப்போது போனாலும் வாசலிலேயே ஒரு ஜோக் காத்திருக்கும். அப்பா இறந்த அன்றுகூட, துக்கம் கேட்க வந்தவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பியது அவள்தான். எல்லாரும் போன பிறகு நான் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடிக்கமாட்டாளா என்று இருந்தது. எவ்வளவு வலித்தாலும் பரவாயில்லை. அவள் எழுந்து, எனக்குச் சூடாகக் காபி போடச் சித்தியிடம் சொன்னாள்.

சாத்துக்குடி கொண்டுபோன அன்று இரவு அப்பா தான் வேலை பார்த்த ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரி போய்விட்டு வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் சொன்னேன்: "அப்பா, அம்மா எனக்கும் ஜோக் சொல்லிட்டாங்க!"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "ஒத்தைச் செருப்பா?" என்றார்.

"ஆமா!"

"எனக்கும் தினம் அதான் சொல்றா, பாப்பா" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்குக் கிடைப்பதே எனக்கும் கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்று படுத்தவுடன் தூங்கிவிட்டேன். அப்பாவுக்குக்கூடக் கிடைக்காத ஒன்றை அன்று சாயங்காலம் நானே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அது எனக்குத் தெரியவில்லை.