திருஷ்டிப் பூசணியும் முனியாண்டி அண்ணனின் மணிக்கட்டும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புதுக் கார் எடுத்தேன். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் தாமான் குடியிருப்பே எட்டிப் பார்த்தது. விடுவாளா என் மனைவி? "இத்தனை கண்ணு பட்டா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்று குங்குமம் தடவிய பூசணிக்காயை என் கையில் திணித்தாள்.

காரைச் சுற்றிக் காட்டி, நடுரோட்டில்... தொப்! விபத்து எதுவும் வரக்கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டு உள்ளே போய் டீ குடித்தேன்.

டீ பாதி இறங்குவதற்குள் விபத்து வந்துவிட்டது.

என் காருக்கு அல்ல. எதிர்வீட்டு முனியாண்டி அண்ணனுக்கு. தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். திரும்பி வந்தவர் என் பூசணிக்காயில் சறுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. தூறல் வேறு... எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள்.

நான்? அவர்கள் தெருமுனை திரும்பியதும் துடைப்பத்தோடு ஓடினேன் — பூசணிக்காயைக் கூட்ட!

அப்புறம்தான் விஷயம் உறைத்தது. மச்சினன் குமரன் ஸ்கூடாயில் விபத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல். போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"நாலே கேள்விதான் மச்சான். ரோட்டுல வர்றவங்களுக்கு ஆபத்து வராம பார்த்துக்கிற கடமை உங்களுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு..."

"அதுல தவறினீங்களா?"

"டீ ஆறிடும்னு..."

"அதனாலதான் அவர் விழுந்தாரா?"

"மழைன்னு சொல்றாங்களே!"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பூசணிக்காய்."

"காயம் பட்டுச்சா?"

"மணிக்கட்டு போச்சு."

"முடிஞ்சுது லா. இதுக்குப் பேருதான் கவனக்குறைவு."

அலமாக்! கொலை செய்தவன்போல வியர்த்துவிட்டது. "வேணும்னு செய்யலையேப்பா!"

"வேணும்னு செஞ்சா அது வேற கேஸ். இங்க சட்டம் கேக்கறது ஒண்ணுதான். நியாயமான மனுஷன் ஒருத்தன் உங்க இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பான்?"

"அவனும் உடைச்சிருப்பான்!"

"உடைச்சிட்டு ஓரமா தள்ளியிருப்பான்."

கடைசி முயற்சியாக, "அண்ணன் கொஞ்சம் வேகமா வந்திருப்பாரோ?" என்றேன்.

"நிரூபிச்சா இழப்பீடு கொஞ்சம் குறையும். உங்க தப்பு காணாமப் போகாது."

யார் இந்த நியாயமான மனிதன்? எந்தத் தாமானில் குடியிருக்கிறான்? நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டுத் திருஷ்டியை நடுரோட்டில் கழித்து, அடுத்தவன் டயரில் ஒட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்கிற ஆட்களைத்தான் தெரியும். கண்ணாடியில்கூட ஒருவன் தெரிகிறான்.

மறுநாள் ஆரஞ்சுப் பழங்களோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரு கண்ணு பட்டுச்சோ தம்பி, இப்படி ஆயிடுச்சு!"

ஆஹா! கண்மேல் யாராவது வழக்குப் போட முடியுமா? தலையை ஆட்டினால் போதும், தப்பித்தேன். பாதி ஆட்டியும் விட்டேன்...

அண்ணன் ஒற்றைக் கையால் ஒரு ஆரஞ்சை உரிக்கப் பார்த்தார். அது நழுவி உருண்டது. எடுக்கக் குனிந்து, வலியில் பல்லைக் கடித்தார்.

"அண்ணே... கண்ணு இல்லண்ணே. பூசணிக்காய். உடைச்சு அப்படியே விட்டது நான்தான்."

"தெரியும் லா" என்றார். "என் சிலிப்பர் முழுக்க விதை! நீயா சொல்றியா, இல்ல வக்கீலை வெச்சுக் கேக்கணுமான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"கேஸ் போடப் போறீங்களாண்ணே?"

"கேஸ் எதுக்கு? எம்.சி. லீவு முடிஞ்சதும் வேலைக்குப் போவணும். கட்டு பிரிக்கிற வரைக்கும் மோட்டார் ஓட்ட முடியாது. தினம் காலையில அஞ்சு மணிக்கு என்னைச் சிங்கப்பூர் பாலத்துக்கிட்ட கொண்டுபோய் விடு, அது போதும்."

கட்டு பிரிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பேசாமல் வழக்கே போடச் சொல்லியிருக்கலாம்... கோர்ட் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்!