ஆல் பாஸ் ஆன கழிப்பறை

1. முதல் கூட்டம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு நகராட்சியில் மன்றப் பிரிவு கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இன்னும் பென்ஷன் வாங்குகிறேன். கவுன்சிலர்களுக்கு அஜெண்டா அனுப்புவது, கூட்டத்தில் அதிலுள்ள பொருள்களை வாசிப்பது, முடிவை மினிட்ஸில் எழுதுவது, இவைதான் என் வேலை. வாசிப்பது என்கிறேனே, அது பெரிய கூத்து. முதல் பொருளுக்கு வாயைத் திறந்ததுமே சேர்மன் கையைத் தூக்குவார். "ஆல் பாஸ்" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். அத்தனை பொருளும் நிறைவேறியதாக நான் எழுத வேண்டும்.

போன தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு ஒன்றில் ரூபி ஜெயித்து வந்தார். ஸ்பின்னிங் மில் தொழிலாளி. பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பறையைத் திறக்க வைப்பேன் என்ற ஒரே வாக்குறுதிதான் கொடுத்தார். அந்தத் தெருப் பெண்கள் விடியுமுன் கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கி, பாம்புக்கும் குடிகாரனுக்கும் பயந்து திரும்புகிறவர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் ஆபீஸில் 'கவுன்சிலர்' என்றால் ரூபியின் வீட்டுக்காரர் ஸ்டீபன்தான். சேர்மன் அறையில் நாற்காலி அவருக்குத்தான். அஜெண்டாவையும் அவரே வாங்கி வைத்துக்கொள்வார். இந்தக் கேவலம் எங்கள் ஆபீஸில் யாருக்கும் கேவலமாகவே படவில்லை.

கூட்டம் தொடங்குமுன் ரூபியிடம் கேட்டேன். "அஜெண்டாவப் படிச்சியளாம்மா? உங்க வார்டு பொருள் ஒண்ணு இருக்கு."

"அவிய படிச்சுட்டாவ சார். கழிப்பறை விசயம் வருதாம். எல்லாரும் தட்டும்போது நீயும் தட்டுன்னாவ."

"அது திறக்கதுக்கு இல்லம்மா..." என்று நான் ஆரம்பிக்கும்போதே சேர்மன் உள்ளே வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

பேப்பரைக் கையில் எடுத்தேன். "ஏய்யா, அம்புட்டையும் வாசிச்சா வடை ஆறிரும்யா" என்றார் சேர்மன். ஒரே சிரிப்பு. ஆல் பாஸ். ரூபியும் முகமெல்லாம் சந்தோஷமாக, மற்றவர்களைவிட ஓங்கித் தட்டினார். அவர் தட்டியது, அந்தக் கழிப்பறையை இடித்துவிட்டுக் கடைகள் கட்டும் தீர்மானத்துக்கு.

2. ஜேசிபி

இடிக்க ஜேசிபி வந்த அன்று ரூபி மில் யூனிஃபார்மோடு ஆபீஸுக்கு ஓடி வந்தார். தெருப் பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். சேர்மன் அறையில் ஸ்டீபன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டச் சொல்லுங்க சார். திறக்கப் போறாங்கன்னுதான தட்டுனேன்!"

"ஒருத்தருமே எதுக்கலியேம்மா. நீயும்தான தட்டுன?" என்றார் சேர்மன்.

ரூபி வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஏட்டி, பேசாம வீட்டுக்குப் போ. நமக்கும் ஒரு கடை தாராக" என்றார் ஸ்டீபன். இவனெல்லாம் மனுஷனா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

3. கல்வெட்டு

கடைகள் எழும்பின. திறப்பு விழாவுக்கு ரூபி வரவில்லை; அவருக்கான பொன்னாடையை ஸ்டீபன் போர்த்திக்கொண்டார். கல்வெட்டில் சேர்மன் பெயருக்குக் கீழே 'முன்னிலை' என்று ரூபியின் பெயர்.

சில நாள் கழித்து ரூபி என் மேஜைக்கு வந்தார். "சார், அந்தக் கல்லுல எம் பேர மட்டும் கொத்தி எடுத்துருவியளா? காட்டுக்கு ஒதுங்கப் போறப்ப அதத் தாண்டித்தான் நாங்க எல்லாரும் போறோம்."

"அதுக்கும் மன்றத்துல தீர்மானம் போடணும்மா."

"அதையாவது முழுசா வாசிப்பியளா சார்?"

வாசித்தேன். சேர்மன் முறைக்க முறைக்க, ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். மேஜையைத் தட்டியது ரூபி ஒருவர் மட்டும். தீர்மானம் தோற்றது.

மன்றப் பிரிவுக்கு வரப்போகும் பிள்ளைகளே, எவன் முறைத்தாலும் ஒவ்வொரு பொருளையும் முழுதாக வாசியுங்கள். வாசிப்பதால் எதுவும் ஜெயித்துவிடாது. தெரியாமல் செய்துவிட்டோம் என்று மட்டும் எவனும் சொல்ல முடியாது.