கேரியர் இல்லாத சைக்கிள்

நம்பாவிட்டால் போங்கள். நானே இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. சித்தூர் மிஷன் சபைக் குடும்பம், பிழைப்பு திருப்பதியில். பிசாசு என்றால் எங்களுக்கு பைபிளில் பன்றிக்குள் புகுந்து தண்ணீரில் விழுந்ததோடு கதை முடிந்தது.

போன டிசம்பர் லீவில் தூபிலிபாளையம் பீச்சுக்குப் போனோம். கார் ஓட்டினது என் மனைவி எஸ்தர். காருக்குப் பின்னால் கட்டியிருந்தது என் கியர் சைக்கிள். தொப்பையைக் கரைக்க வாங்கியது, இதுவரை கரைந்தது சீட் உறை மட்டும். சீட்டுக்குப் பின்னால் ஒரு தேங்காய் வைக்கக்கூட இடம் கிடையாது, இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நல்ல காலை வெயில். மெயின் ரோடு வரை நான் சைக்கிளில் முன்னால், எஸ்தர் காரில் மெதுவாகப் பின்னால் என்று ஏற்பாடு. சவுக்குத் தோப்பாண்டை நின்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மிதித்தால், சைக்கிள் நகரவே மாட்டேன் என்கிறது. டயரில் காற்று இருக்கிறது. எதிர்க்காற்றைத் திட்டினேன், முழங்காலைத் திட்டினேன், முந்தின ராத்திரி தின்ற வஞ்சிரத்தைத் திட்டினேன், ஒருவழியாக மெயின் ரோடு வந்து இறங்கினால், எஸ்தர் கண்ணாடியை இறக்கி, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்கிறாள்:

"யாருங்க அவ?"

"எவ?"

"கேரியர்ல குந்திகினு வந்தாளே, ஈரப் பொடவையோட. சொல்லியிருந்தா நான் கார்ல ஏத்தியிருக்க மாட்டனா? தோள்ல கை வேற!"

"அம்மா தாயே, இந்த சைக்கிள்ல கேரியர் எங்க இருக்குது?"

இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. இப்போதாவது மன்னிப்புக் கேட்பாள் என்றுதானே நினைப்பீர்கள்?

"அது எதுவா இருந்தா இன்னா, ஏத்திகினது நீங்கதான?"

இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு எனக்குக் கிடைத்த நற்சான்று இது! வீடு வரை பேச்சில்லை, வீட்டிலும் பேச்சில்லை. சபை நண்பர்களிடம் முறையிட்டால், "அழகா இருந்தாளாய்யா?" என்கிறார்கள். எனக்கெப்படித் தெரியும்? நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன்.

பல நாள் கழித்துத்தான் மனசு இறங்கினாள். சாதம் போட்டுக்கொண்டே, "நீங்க ஏத்தலதான், நம்பறேன்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னாள்: "தோப்பாண்ட ஏறினத பாத்தேன். உங்க பின்னாலயேதான் வந்தேன். எறங்கினத பாக்கலியே."

திருச்சானூர் ரோட்டு மெக்கானிக் செயினை மாற்றினார், பேரிங்கை மாற்றினார். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

இன்றைக்கும் நான் இறக்கத்தில்கூட மிதித்துத்தான் போகிறேன்.