இரண்டு தெருவுக்கும் ஒரே எண்

ஹிபாரா ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு நெரெய்தா லெய்வாவின் கைவேலை. அங்குள்ள பல் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக அவள் பல்செட் செய்கிறாள். கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவள் பார்வை முதலில் போவது கடைவாய்ப் பல்லுக்குத்தான். அளவு துளி பிசகினாலும் சோறு இறங்காத ரகம்.

மயாமியிலிருந்து வந்த சித்தி மகள் ஒரு பழைய ரூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனபோது, அதைச் சும்மா வைத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் இன்டர்நெட் கிடையாது. வேண்டுமானால் பூங்காவுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பிடிக்க வேண்டும். ஆனாலும் அவள் அந்தப் பெட்டியை மின்சாரத்தில் செருகி, போனில் அதன் பக்கத்தைத் திறந்து, அங்கே இருந்த இங்கிலீஷ் சொற்களை அகராதி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இன்டர்நெட் இல்லாமலே இந்தப் பெட்டி வீடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் என்று தெரிந்த அன்று, குளித்துக்கொண்டிருந்த கணவன் எலியேசரைச் சோப்பு நுரையோடு கூடத்துக்கு இழுத்துவந்து காட்டினாள்.

ஒரு வருடத்தில் அவள் தெருவில் ஒன்பது வீடுகள் அந்தப் பெட்டியில் சேர்ந்துவிட்டன. மாடிக்கு மாடி கேபிள், துணிக்கொடிகளோடு கொடியாக ஓடியது. செய்தி அனுப்புவார்கள், படம் கொடுத்து வாங்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக டோமினோ, புள்ளிக் காய்களை எண்ணுக்கு எண் ஒட்டவைக்கிற ஆட்டம். நெரெய்தா வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினி அந்த ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. நாலு பேர் நாலு வீட்டிலிருந்து போனில் ஆடலாம்.

ஆகஸ்ட் மாதம் அவள் அப்பா எவேலியோ வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எண்பத்தொரு வயது. அடுத்த தெருவில், நெரெய்தாவின் தங்கை மார்பெலிஸ் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். நாற்பது வருடமாகச் சதுக்கத்து மரத்தடியில், எதிர் நாற்காலியில் கூட்டாளி சென்ச்சோவை வைத்துக்கொண்டு ஊரையே டோமினோவில் அடித்த மனுஷன். ஆட்டக்காரர்களைக் கட்டிலுக்கே கூட்டிவருகிறோம் என்றால் சீறினார்.

"பைஜாமாவோட படுத்துக் கிடக்குறதை அவனுங்க பாக்கணுமா? சென்ச்சோ மட்டும் வரட்டும். வேற ஒருத்தனும் வாசப்படி மிதிக்கக் கூடாது!"

"ரெண்டு பேரு எப்படிப்பா ஜோடி போட்டு ஆடுவீங்க?"

"ஆடல. செத்தா போயிடுவேன்?"

செத்துப்போக மாட்டார். ஆனால் பேச்சைக் குறைத்துவிட்டார். கறுப்பு மொச்சைச் சோற்றைப் பாதித் தட்டிலேயே நிறுத்தினார். அதுதான் நெரெய்தாவைக் குடைந்தது. சென்ச்சோ அவள் தெருக்காரர், அவள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறார். அப்பா இருக்கும் தெருவிலும் ஒரு பெட்டி இருந்தது, ஏழு வீடு. அதை நடத்துபவர் ரேஷன் இறைச்சிக்கடை ரிகோபெர்த்தோ. இரண்டு பெட்டிகளையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் யாரும் யார் பைஜாமாவையும் பார்க்காமல் ஆடலாம்.

ரிகோபெர்த்தோ கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சேத்துக்கலாம் நெரெய்தா. ஆனா ஒண்ணு, உங்கப்பாவை முதல் ஆட்டத்துல அடிக்கப்போறது நான்தான். சதுக்கத்துல பன்னெண்டு வருஷமா மோதிப் பாத்துக்கிட்டிருக்கேன், ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல."

"கட்டில்ல கிடக்குற மனுஷனை அடிக்கத்தான் தைரியம் வந்துச்சா?"

"எப்படிக் கிடந்தா என்ன? காய் பிடிக்கக் கை நல்லாத்தானே இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இரண்டு தெருவும் மாடியில் ஏறி நின்றது. எலியேசர் கேபிளைச் சுருட்டி வீச, அது இரண்டு தடவை தவறி ஒரு கோழிக்கூண்டின் மேல் விழ, மூன்றாவது தடவை ரிகோபெர்த்தோ கையில் பிடித்தார். அவர் இறங்கிப்போய்த் தன் பெட்டியில் செருகினார். நெரெய்தா தன் பெட்டியில் செருகினாள். பச்சை விளக்கு துடித்தது. இரண்டு தெருவிலும் ஓவென்று சத்தம்.

ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. முதலில் சென்ச்சோவின் போன் கழன்றது. பிறகு மூலைவீட்டு நர்ஸுடையது. பிறகு ஆளாளுக்கு.

"என்னத்தைடி பண்ணித் தொலைச்ச? பாதிப் படத்துல போச்சு!" என்று இந்தப் பக்கம் கூச்சல்.

"அவங்க பெட்டியில ஏதோ நோய் இருக்கு, நமக்கும் ஒட்டிக்கிச்சு!" என்று அந்தப் பக்கம்.

நெரெய்தா கேபிளைப் பிடுங்கினாள். எல்லாம் சரியானது. செருகினாள். எல்லாம் போனது. அப்படியானால் இரண்டு பெட்டியும் தனித்தனியாக நல்லவை, சேர்ந்தால்தான் சண்டை. எதற்குச் சண்டை? கூடத்திலேயே எலியேசரின் போனை வாங்கி அதன் முகவரியைப் பார்த்தாள். பார்த்தவள் மாடிக்கு ஓடினாள்.

"மார்பெலிஸ்! அப்பா போன்ல ஐபி முகவரின்னு இருக்கும் பாரு. கடைசி எண் என்ன?"

எதிர் மாடியிலிருந்து தங்கை கீழே ஓடி, மேலே ஓடி வந்தாள். "நூத்தி மூணு!"

"எலியேசரோடதும் நூத்தி மூணு! ரிகோபெர்த்தோ, உன் பெட்டியோட எண் என்ன? முழுசா சொல்லு!"

"நூத்தி தொண்ணூத்திரெண்டு, நூத்தி அறுபத்தெட்டு, சைபர், ஒண்ணு!"

நெரெய்தா மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு தெருவும் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தது.

"எங்கிட்டயும் அதேதான்டா! அச்சு அசலா அதே!"

ஒரு தடவை மருத்துவமனையில் யாரோ, இரண்டு பேருடைய பல் அச்சுக்கும் பதினேழு என்று எண் போட்டுவிட்டார்கள். மீன்பிடிக்கிற ஒருவனுக்கும் தேவாலயத்தில் பாடுகிற ஒருவருக்கும் பல் மாறிப்போய், ஒருவன் வாயை மூட முடியாமலும் மற்றவர் திறக்க முடியாமலும் வந்து நின்றார்கள். இதுவும் அதுதான். இரண்டு பெட்டியும் 'ஒன்றாம் எண் நான்தான்' என்கின்றன. இரண்டும் தங்களிடம் வருகிற போன்களுக்கு நூறு, நூற்றொன்று என்று எண் கொடுத்துக்கொண்டே போகின்றன. தெரு தனியாக இருந்தவரை குழப்பமில்லை. சேர்ந்ததும் ஒரே எண்ணில் இரண்டு பேர்.

"ஒரு பெட்டி தன் எண்ணை மாத்திக்கணும். அது யாருக்கும் எண் குடுக்கவும் கூடாது. குடுக்குற வேலை ஒண்ணுக்குத்தான்" என்று கத்தினாள்.

"என் பெட்டி ஏன் மாறணும்?" என்றார் ரிகோபெர்த்தோ உடனே.

"நம்ம பெட்டியும் மாறாது!" என்றது அவள் பின்னால் ஒரு குரல். ஒன்பது வீட்டுக்காரர்களும் அதை ஆமோதித்தார்கள். ஏழு வீட்டுக்கு ஒன்பது வீடு அடங்குவதா?

நெரெய்தாவின் கண் எதிர்மாடிக்குக் கீழே, அப்பாவின் ஜன்னலுக்குப் போனது. திரைச்சீலை ஓரமாக விலகியிருந்தது. கிழவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார்.

"என் பெட்டி மாறும்" என்றாள்.

"காட்டிக் குடுத்துட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சென்ச்சோ.

"உங்க கூட்டாளியோட ஆடணுமா, வேணாமா?"

சென்ச்சோ தலையில் வைத்த கையை இறக்கினார்.

நெரெய்தா படியில் குதித்து இறங்கினாள். முதலில் கேபிளைக் கழற்றினாள். போனில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு, உள்வலை அமைப்புக்குள் போய், கடைசியில் இருந்த ஒன்றை அழித்து இரண்டு என்று எழுதினாள். சேமித்தாள். பக்கம் வெளுத்துப்போனது. வட்டம் சுற்றியது, சுற்றியது, ஒன்றும் வரவில்லை. புதுப்பித்தாள். இல்லை. பெட்டி செத்துவிட்டதா? மயாமிக்குச் சொல்லி இன்னொன்று வர ஒரு வருடம் ஆகும்.

எலியேசர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "நீ இன்னும் ஒண்ணுன்னுதானே கூப்பிடுற? அதுக்குத்தான் பேரு மாத்திட்டியே."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பேருந்து ஓட்டுகிறவன். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இந்தப் பெட்டியைப் பற்றி அவன் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை; கணக்குப் பார்த்தால் பெட்டி வீட்டுக்கு வந்தே ஒரு வருடம்தான். இரண்டு என்று அடித்தாள். பக்கம் பளிச்சென்று திறந்தது. "வந்துட்டான்!" என்று அலறி அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அடுத்து, முகவரி வழங்கும் வேலையை அணைத்தாள். சேமித்தாள்.

இப்போது அவள் தெரு முழுக்க எண் கொடுக்க ஆளில்லை. வாசலில் கூக்குரல் கிளம்பியது. "மொத்தமா போச்சுடி!" அதைக் காதில் வாங்காமல் கேபிளைச் செருகினாள்.

பச்சை விளக்கு துடித்தது. சென்ச்சோ தன் போனை அணைத்து மறுபடி இணைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "நூத்தி பதினொண்ணு. இது யாரு குடுத்தது?"

"ரிகோபெர்த்தோ பெட்டி குடுத்தது. கசக்குதா?"

"இல்ல... நல்லாத்தான் இருக்கு."

பத்து நிமிடம் எண்ணிப் பார்த்தார்கள். யாரும் கழலவில்லை. மூலைவீட்டு நர்ஸ் மூன்றாம் தடவையாக இணைந்து பார்த்துவிட்டு "இருக்கு, இருக்கு!" என்று தெருவில் ஆடினாள். திரையில் பதினாறு வீட்டுப் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. கடைசியாக ஒரு பெயர், எல்லாம் பெரிய எழுத்தில்: எவேலியோ. அதன் அடியில் அவர் குத்திக் குத்தி அடித்த முதல் செய்தி வந்தது.

"கறிக்கடைக்காரன் எங்கே."

நாலு மணிக்கு ஆட்டம். எவேலியோவும் சென்ச்சோவும் ஒரு ஜோடி; ரிகோபெர்த்தோவும் அவர் மைத்துனரும் எதிர் ஜோடி. முதலில் நூறு புள்ளியை எட்டும் ஜோடிக்கு வெற்றி. நெரெய்தாவின் கூடத்தில் நிற்க இடமில்லை. வறுத்த வாழைக்காய்த் தட்டு தலைக்கு மேல் கைமாறியது. கிழவர் முதல் இரண்டு சுற்றையும் தோற்றார். விரல் தவறித் தப்பான காயைத் தொட்டுவிட்டார் என்று மார்பெலிஸ் செய்தி அனுப்பினாள். மூன்றாவது சுற்றில் விழித்துக்கொண்டார். ரிகோபெர்த்தோ ஜோடி தொண்ணூற்றாறு, கிழவர் ஜோடி தொண்ணூற்றிரண்டு என்று நின்றபோது, சென்ச்சோவின் கையில் இரட்டை ஆறு வைக்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டு கனத்தது. அடுத்த தெருவிலிருந்து எவேலியோ, யாரும் எதிர்பாராத இடத்தில், ஓர் ஆறைத் திறந்துவிட்டார். கூட்டாளியின் முகத்தைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரிகோபெர்த்தோவிடம் பொருந்தும் காய் இல்லை, முறையை விட்டுக்கொடுத்தார். சென்ச்சோ இரட்டை ஆறை இறக்கி ஆட்டத்தை முடித்து, எழுந்து நின்று கத்திய கத்தல், கேபிள் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

திரையில் ரிகோபெர்த்தோவுக்கு எவேலியோவின் செய்தி: "பன்னிரண்டு இல்லை. இனிப் பதின்மூன்று வருஷம்."

மாடிக்கு ஓடிய நெரெய்தா பார்த்தது, ரிகோபெர்த்தோ தன் வாசலைத் தாண்டி, கையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றதை.

"எவேலியோ! நாளைக்கு இன்னொரு ஆட்டம்! பைஜாமா இருந்தாலும் பரவாயில்ல, ஜன்னலைத் திறந்து மூஞ்சியைக் காட்டுய்யா!"

திரைச்சீலையை விலக்கியது மார்பெலிஸின் கைதான். ஆனால் தலையணையில் சாய்ந்து, தாடையைத் தூக்கி, முழுப் பல்லும் தெரியச் சிரித்தது எவேலியோ.

நவம்பரில் அவர் நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். முதல் நடை சதுக்கத்துக்கு அல்ல, பெரிய மகள் வீட்டுக்கு. கூடத்தில் நின்று, அலமாரியில் இருந்த பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு சின்னதா?" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காப்பி கிடைக்குமா இந்த வீட்டுல?" என்று கேட்டார்.