அம்மாவுக்கு வைத்த கோழிச் சாறு

எங்கள் அம்மா அவர்கள் இறைவனடி சேர்ந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகன் என்ற முறையில் என் வணக்கம்.

அச்சகத்தார் கொடுத்த மாதிரித் தாளில் ‘யாரையும் ஐயப்படாத வெள்ளை மனம்’ என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டேன். அம்மா யாரையும் நம்பியதில்லை. அட்டைப் படத்தில் அவர் சிரிப்பது போலத் தெரிந்தால் அதையும் நம்பவேண்டாம், ஸ்டூடியோவில் சரிசெய்தது. உண்மைப் படத்தில், ‘இவன் எதற்கு இத்தனை தடவை எடுக்கிறான்’ என்று கேமராக்காரரை முறைத்துக்கொண்டிருப்பார்.

அம்மா பிறந்தது சங்ககிரிப் பக்கம், லாரிப் பட்டறைகளுக்கு நடுவில். வாக்கப்பட்டதும் ஒரு லாரி ஓட்டுநருக்குத்தான். பரமத்தி வேலூருக்குப் போகிற வழியில் இருக்கும் இந்த ஊருக்கு மருமகளாக வந்தார். நான் எட்டாவதும் தங்கை நாலாவதும் படிக்கும்போது, வடக்கே லோடு ஏற்றிப் போன அப்பா விபத்தில் காலமானார். எதிரே வந்த வண்டியின் தப்பு என்றார்கள், பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள், தூக்கம் என்றார்கள். ஆளுக்கொன்று சொன்னதில் எதையும் அம்மா நம்பவில்லை. யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்குள் விழுந்திருக்கவேண்டும்.

பக்கத்துக் கோழிப் பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குப் போனார். இரண்டு முட்டைகளை லேசாகத் தட்டினால் சத்தத்திலேயே கீறல் விழுந்தது எது என்று சொல்லிவிடுவார். பிறகு எங்கள் காட்டிலேயே ஒரு ஷெட் போட்டார், பிறகு இன்னொன்று. மக்காச்சோள லோடு வந்தால் மேல் சாக்கைத் தொடவே மாட்டார். அடிச் சாக்கு ஒன்றை உருவச் சொல்லி, முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து மோந்து, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார்.

“ஏனுங்கம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்று டிரைவர்கள் சடைத்துக்கொள்வார்கள்.

“உங்க மேல இருக்குதுங்க. சோளத்து மேலதான் இல்லீங்க.”

ஒரு வருடம் பூஞ்சை பிடித்த தீனியால் சுற்றுவட்டாரமே முட்டை குறைந்து தவித்தபோது எங்கள் பண்ணை தப்பியது அந்த முழங்கையால்தான். “சாக்கோட வாயப் பாக்காத சாமி, வயித்தத் தொட்டுப் பாரு” என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். எந்த அளவுக்கு என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

வாலிப வயதில் நானும் லாரி ஏறுவேன் என்று அடம் பிடித்தேன். அம்மா சபரிமலை ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளை ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தால் பதினெட்டு வருடம் மாலை போட்டு மலைக்கு அனுப்புகிறேன் என்று. வேண்டியது அவர், நடந்தது நான். அம்மா காலமாவதற்கு முந்தின கார்த்திகையில் பதினெட்டாவது மாலையைப் போட்டேன். அந்த வருடம் தென்னங்கன்று சுமந்துபோக வேண்டும், குருசாமி என்று பெயர் வரும். என்னைவிட அம்மாவுக்குத்தான் அதில் பெருமை.

மாலை போட்ட வீட்டில் கவிச்சி கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். முட்டைப் பண்ணை வைத்திருப்பவன் பாடு இன்னும் வேடிக்கை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தீனி போடலாம், அட்டை அட்டையாக முட்டை எடுக்கலாம், வாயில் மட்டும் வைக்கக்கூடாது. அம்மா எங்கள் எல்லோரையும்விடக் கறார். அந்த மாதங்களில் ஆம்லெட் என்ற சொல்லே வீட்டில் வரக்கூடாது.

மாலை போட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் காயம் ஆறவில்லை. “உடம்புல சத்தே இல்லீங்க. பல்லுல கடிக்க முடியாட்டிப் பரவாயில்லை, தினமும் கோழி சூப் குடுங்க. இப்படியே படுத்திருந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேலத்தில் இருக்கும் தங்கை, செய்தி கேட்டதும் ஒரு பையும் ஒரு ஸ்லோ குக்கருமாக வந்து இறங்கினாள். மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறது என்பதால் அம்மாவின் கட்டிலை முட்டை அடுக்கும் அறையை ஒட்டிய அறையில் போட்டிருந்தோம். வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் இடம். அங்கேயே குக்கரை வைத்துச் சாறு வைப்பது, மாலை போட்ட நான் அந்தப் படி ஏறாமல் இருப்பது என்று அம்மா காதில் விழாமல் பேசிக்கொண்டோம்.

“அம்மா லேசுல ஒத்துக்க மாட்டாங்க. பேசிப் பாரு” என்றேன்.

“நான் பாத்துக்கறனுங்ணா” என்றாள்.

அதிலிருந்து நான் சன்னலுக்கு வெளியே நின்றுதான் அம்மாவிடம் பேசுவேன். முட்டை விட்டு ஓய்ந்த கோழியின் கறி செருப்புத் தோல் மாதிரி இருக்கும். சாதாரணக் குக்கரில் எட்டு விசில் விட்டாலும் மசியாது. தங்கையின் பானையோ மார்கழிப் பனி விலகாத காலையில் வைத்தால் சாயங்காலம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை.

“தீயும் இல்ல, சத்தமும் இல்ல. களவாணியாட்டம் உக்காந்திருக்குது பாரு” என்று என்னிடம் கோள் சொன்னார்.

மூன்றாவது நாள், தங்கை இல்லாத நேரம் பார்த்துச் சன்னல் வழியாகக் கேட்டேன். “அம்மா, சாயங்காலம் என்னங்கம்மா குடிச்சீங்க?”

“கொள்ளு ரசம்” என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்குச் சுருக்கென்றது. ஒருவேளை கொள்ளு ரசம் என்று சொல்லித் தங்கை கோழிச் சாற்றைக் கொடுக்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். உடனே தள்ளிவிட்டேன். ஒரு மூட்டை சோளத்தில் ஒற்றைப் பூஞ்சை மணியை நாக்கால் கண்டுபிடிக்கும் அம்மாவுக்குக் கோழிக்கும் கொள்ளுக்கும் வித்தியாசம் தெரியாதா? அம்மாவை ஏமாற்ற இந்த ஜில்லாவில் ஆள் பிறக்கவில்லை. அப்படியானால் அது கொள்ளு ரசமேதான். பொய் சொல்வது தங்கைதான்.

“அம்மா சாறு குடிச்சாங்களா?” என்று அவளிடம் கேட்டேன்.

“குடிச்சாங்க.”

“ஒண்ணும் சொல்லலியா?”

“ஒண்ணும் சொல்லலீங்ணா.”

அம்மா ஒரு பொருளை வாயில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்ததாக வரலாறே இல்லை. சந்தேகம் கெட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் தினமும் வேவு பார்த்தேன். ஒருநாள் மாலை ஷெட்டுக்குப் பின்னால் தங்கை ஒரு கிண்ணத்தைக் கவிழ்ப்பதைப் பார்த்தேன். மஞ்சளாக எதையோ கொட்டினாள், காக்காய்கள் மொய்த்தன. மறுநாளும் கொட்டினாள். சாற்றை வைப்பது ஊருக்குக் காட்ட, கொடுப்பது கொள்ளுத் தண்ணி, மிச்சம் காக்காய்க்கு என்று முடிவுகட்டினேன். அம்மா தேறாவிட்டால், ‘அண்ணன் மாலையைப் பிடித்துக்கொண்டு பெத்தவளைப் பட்டினி போட்டான்’ என்று சொல்லிச் சேலத்துக்கே அழைத்துக்கொண்டு போய்விடலாம் அல்லவா? இத்தனையும் என் புத்தியில் தானாக ஓடியது. அம்மா வாயால் சொன்னதைத் தவிர வேறெதுவும் எனக்கு அப்போது உண்மையாகப் படவில்லை.

இருமுடி கட்டும் நாள் வந்தது. எங்கள் வாசலிலேயே கட்டு. இந்த மலரைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தீர்கள். தங்கை மறுபடியும் கிண்ணத்தோடு ஷெட்டுக்குப் பின்னால் போவதைப் பார்த்தேன். கழுத்தில் மாலை கிடப்பதை மறந்து அவள் பின்னாலேயே ஓடினேன், கூட்டமும் பின்னால் வந்தது.

“பெத்தவளுக்குக் கொள்ளுத் தண்ணிய ஊத்திப்போட்டு, சாத்தக் காக்காய்க்கு ஊத்தறியா? அம்மாவக் கொல்லறதுக்கா சேலத்துல இருந்து வந்தே?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அம்மாவின் சன்னல் பத்தடி தூரத்தில் திறந்திருந்தது. தங்கை அந்தச் சன்னலை ஒருமுறை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். “செரிங்ணா. நீங்க நெனைக்கறதே இருக்கட்டும். நான் கெளம்பறேன்” என்றாள். அவ்வளவுதான். என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். குக்கரை எடுத்துக்கொள்ளவில்லை. பதில் சொல்ல வாயில்லை என்றால் குற்றம் உண்மை என்றுதானே பொருள் என்று நினைத்துக்கொண்டே நான் வேன் ஏறினேன்.

மலையில் தென்னங்கன்றை வைத்துவிட்டு ஊர் திரும்பி, மாலையைக் கழற்றி, முதல்முறையாக அம்மாவின் அறைக்குள் போய்க் காலடியில் உட்கார்ந்தேன். அம்மா என் வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“கழட்டியாச்சா?”

“கழட்டியாச்சுங்கம்மா.”

“அப்பச் சொல்றேன் கேளு. அது கோழிச் சாறுதான். மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. அவ கொள்ளுன்னா, நானும் கொள்ளுன்னு குடிச்சேன். நீ கேட்டே, உனக்கும் அதையே சொன்னேன். கோழின்னு தெரிஞ்சா நீ மனசு சங்கடத்தோட மல ஏறுவியே. எனக்கோ எந்திரிச்சு நடக்கோணும்னு ஆசை. பாவம் எனக்கு வரட்டும், பதினெட்டு உனக்கு நெறையட்டும்னு முழுங்கிட்டேன்.”

“அன்னிக்குச் சண்டை கேட்டுச்சுங்களாம்மா?”

“காது என்ன செவுடா? வாயத் தொறந்தா இருமுடி நின்னுபோயிருக்கும். அவளும் அதுக்குத்தான் தொறக்கல. போயி அவளக் கூட்டிட்டு வா சாமி.”

வீட்டுக்குப் போனேன். தங்கை அனுப்பியிருந்த பக்குவத்தை மனைவி போனில் காட்டினாள். தோலுரித்த கோழி ஒன்று, உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கை, பூண்டு, இஞ்சி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை, மஞ்சள், கறிவேப்பிலை, கல்லுப்பு. கறி முழுகத் தண்ணீர். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், நடுவில் மூடியைத் திறக்கக்கூடாது. கடைசி வரி இது: ‘வடிகட்டிக் கொஞ்சம் ஆறவிட்டா மேல மஞ்சளாக் கொழுப்பு கட்டும் அண்ணி. பூராவும் வழிச்சுக் கொட்டிருங்க, அம்மா வயித்துக்கு ஆகாது.’

முட்டை விட்டு ஓய்ந்த கோழியில் கைப்பிடி கைப்பிடியாக மஞ்சள் கொழுப்பு இருக்கும் என்பது கோழிப் பண்ணைக்காரனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எனக்கு அன்று அது தோன்றவே இல்லை. அவள் அன்று அதை உரக்கச் சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேன். ஆனால் சன்னல் வழியாக அம்மா காதில் விழுந்து, மறுநாளிலிருந்து சாற்றைத் தொடமாட்டார் என்று பயந்தாள். சாறு நிற்காமல் இருக்கத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு போனாள். ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்ட நான், எனக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்த அம்மா பொய் சொல்வார் என்று மட்டும் ஒரு நொடியும் நினைக்கவில்லை.

உடனே சேலத்துக்கு ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. வெட்கம். தடுப்பூசி போடும் வாரம், லோடு வருகிற நாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பொங்கல் வந்து போனது. தை மாதக் கடைசியில் ஒரு காலை அம்மா காபிக்கு எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். தங்கை வந்தாள், அழுதாள், காரியம் முடிந்ததும் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், முறை வைத்து வந்து கட்டுப் பிரித்துக் கட்டிய நர்சம்மாவுக்கும், இறுதி நாளில் பண்ணை வேலையைத் தங்கள் வேலையாக எடுத்துச் செய்த அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும், பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் நின்ற பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் மனைவிக்கும் நன்றி.

இருமுடி கட்டுக்கு வந்திருந்த பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று உங்கள் முன்னால் நான் என் தங்கையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய். சபையில் கொட்டியதைச் சபையில்தான் அள்ளவேண்டும் என்பதால் இதை அச்சிலேயே ஏற்றச் சொன்னேன்.

கடைசியாக, அம்மிணி, உனக்கு. உன்னிடம் இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மா நடந்தார். தை பிறந்ததும் காயம் ஆறிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் சாயங்காலம் கேட் வரைக்கும் போனார். நாமக்கல்லிலிருந்து வரும் பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பும் வரை அங்கேயே நிற்பார். “அவளக் கூப்பிட்டியா?” என்று தினமும் கேட்பார். “கூப்பிட்டேனுங்கம்மா, இன்னைக்கு வாரேன்னு சொன்னா” என்று தினமும் சொன்னேன். யாரையும் நம்பாத நம் அம்மா, நான் சொன்னதை நம்பித்தான் தினமும் அந்தக் கேட்டில் போய் நின்றார்.

அம்மிணி, நான் உன்னைக் கூப்பிடவே இல்லை.